மணலை அளந்த நூல்

வில்ஃபிரட் தெஸிகர் 1959-ல் வெளியிட்ட ‘அரேபியன் ஸாண்ட்ஸ்’ என்னும் நூலை அண்மையில் மீண்டும் படித்தோம். 1946 முதல் 1948 வரை, ரூபுல் காலீ பாலையை இருமுறை கடந்த வரலாறு அது. ஒட்டகத்தில் ஏறியும் வெறுங்காலுடன் நடந்தும் சென்றிருக்கிறார். உருக் அல் ஷைபாவின் மணற்குன்றுகள் ஏறத்தாழ 700 அடி உயரம். அவற்றின் முன்னே வழிகாட்டி முஹம்மது அல் அவ்ஃப் தனியே சென்று, ஒட்டகம் ஏறத்தக்க சரிவைத் தேடுமிடமே நூலின் உயிர் என்போம். வழி தேடும் கண்ணுக்குத்தான் அங்கே மணலின் வடிவழகு புலனாகிறது.

அறபுக் கவிகளும் மணலை வேடிக்கை பார்த்தவர்களல்லர். இம்ருல் கைஸின் முஅல்லகா, காதலி குடியிருந்த மணல்மேட்டின் ஓரத்தை நினைந்தே தொடங்குகிறது. வளைந்த மணற்குன்றுக்கு ‘ஹிக்ஃப்’ என்று பெயர். அதன் பன்மையே திருக்குர்ஆனின் 46-வது அத்தியாயப் பெயரான ‘அல் அஹ்காஃப்’.

ஆனால், எண்ணெயும் மோட்டார் வண்டியும் வந்து பதவிகளின் வாழ்வு குலைந்ததென்று தெஸிகர் புலம்புவதை நாம் ஏற்பதற்கில்லை. அவர் விரும்பிப் பசித்திருந்தார். நினைத்தபோது ஊர் திரும்பலாம். உடன் நடந்த இளைஞர் பின் கபீனாவுக்குப் பசியே ஊராக இருந்தது!

எனினும், அடிச்சுவட்டை மட்டும் பார்த்து, போனவர் எக்கோத்திரத்தார், எத்தனை பேர், எங்கே நீர் புகட்டினர் என்று பதவிகள் கூறும் பகுதியை நம் மாணவர்க்கு வாசித்துக் காட்டினோம். மறுபடியும் வாசிக்கச் சொன்னார்கள்.