மில் வீட்டுப் பிள்ளை செய்த மலிவு கார்

"உங்கட ஊரில காரோட்டத்துக்கு வாறதெண்டால் தகப்பனுக்கு ஒரு மில் இருக்க வேணும் போல."

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில், கரி மோட்டார் ஸ்பீட்வேயைச் சுற்றிப் பார்த்த கொழும்புத் தமிழர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது. வரிசையாக நின்ற ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களையும், ஒரே நிறச் சட்டை போட்ட டீம் ஆட்களையும் பார்த்ததும் அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது. தங்கள் நாட்டில் கராஜில் வேலை செய்கிற பெடியன் சொந்தக் காருக்குள் கம்பிக்கூண்டு அடித்துக்கொண்டு வந்து ஓடிவிட்டுப் போவான் என்றும் சேர்த்துக்கொண்டார். விருந்தாளியிடம் கோவைக்காரர்கள் வாதாடுவதில்லை. "அப்படீங்களா" என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் கிளம்பிய பிறகுதான் டீக்கடையில் பேச்சு சூடு பிடித்தது.

குத்தலில் பாதி உண்மை. அந்தத் தளத்துக்குப் பெயர் கொடுத்த எஸ். கரிவர்தன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் அந்த மில் வீட்டுப் பிள்ளை தன் காசையும் மூளையையும் எதில் போட்டார் என்பது கொழும்புக்காரருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மில் இல்லாதவனும் ஓட்டக்கூடிய ஒரு பந்தயக் காரைச் செய்வதில் போட்டார்.

அதற்கு முந்தைய நிலைமையைப் பார்த்தால் அதன் அருமை தெரியும். தமிழ்நாட்டில் கார் பந்தயம் வேர்பிடித்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போடப்பட்ட விமான ஓடுதளத்தில். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. இலங்கையிலிருந்தும் ஓட்டுநர்கள் வந்து கலந்துகொண்டார்கள். இறக்குமதிக்கு ஆயிரம் கெடுபிடி இருந்த காலம் அது. நல்ல வெளிநாட்டு எஞ்சினும் அதற்கான உதிரிபாகமும் எவர் கையில் இருக்கிறதோ, அவர் பக்கமே வெற்றி சாய்ந்தது. திறமைசாலி ஓட்டை அம்பாஸடரை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்?

1983 இறுதியில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். சந்தைக்குப் போய்வர வாங்கிய வண்டி. அதன் எஞ்சினை எடுத்து, குழாய்களை வெல்ட் செய்து கட்டிய ஒற்றை இருக்கைச் சட்டத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினால் என்ன என்று யோசித்தவர் கரிவர்தன். 1980களின் இறுதியில் பிறந்த ஃபார்முலா மாருதி இப்படி வந்ததுதான். எல்லாருக்கும் ஒரே எஞ்சின், ஒரே மாதிரிச் சட்டம். கிளட்ச் தேய்ந்தால் எந்த ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் வாங்கலாம், வெல்டிங் விட்டுப்போனால் கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பட்டறைக்காரர் பார்த்துக்கொள்வார். லேத்தும் வார்ப்படமும் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊரில்தான் இப்படி ஒரு கார் பிறக்க முடியும் என்று கோவைக்காரர்கள் சொல்வதை வெறும் பெருமையென்று தள்ளிவிட முடியாது.

அந்தச் சின்ன எஞ்சின் யாரையெல்லாம் சுமந்தது! நரேன் கார்த்திகேயனின் முதல் பந்தயம் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக்கும் 2000இல் அதே வகைக் காரில் தொடங்கி, 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். ஒருவரின் தந்தை பெயர்பெற்ற ராலி ஓட்டுநர், மற்றவர் மூன்று தலைமுறைப் பந்தயக் குடும்பம். கொழும்புக்காரர் இதைக் கேட்டிருந்தால் இன்னொரு முறை சிரித்திருப்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து இழையைப் பிடித்துக்கொண்டது, செயின் தயாரிக்கும் எல்ஜிபி நிறுவனம். 1300 சிசி மாருதி சுஸுகி எஞ்சினோடு ஃபார்முலா எல்ஜிபி கார்கள் வந்தன. 2003இல் செட்டிபாளையத் தளமும் வந்தது. இன்று முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கென்றே நோவிஸ் கப் நடக்கிறது. கார் வாங்க வேண்டியதில்லை. டீமுக்குப் பணம் கட்டி ஒரு சீட் எடுத்துக்கொண்டு, ஹெல்மெட்டோடும், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ தரும் லைசென்ஸோடும் போய் நின்றால் போதும். இரு சக்கரத்தில் இன்னும் மலிவு. எல்லாரும் ஒரே மாடல் பைக்கில் ஓடும், டிவிஎஸ் நடத்தும் ஒன் மேக் பந்தயத்தில், தேர்வுச் சுற்றில் நல்ல நேரம் எடுக்கிறவருக்கு பைக்கை நிறுவனமே கொடுக்கிறது.

இலங்கை வேறு பாதையில் போயிருக்கிறது. அங்கே காரோட்டம் பழைய சமாச்சாரம் என்பதை மறுக்க முடியாது. நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது, அதாவது மெட்ராஸ் கிளப்புக்கு 19 ஆண்டுகள் மூத்தது. ஏப்ரல் சீசனில், தேயிலைச் சரிவுகளில் சனம் நின்று பார்க்க, ஒவ்வொரு காராக மேலே ஏறும். பக்கத்தில் இடிக்க ஆளில்லை, கடிகாரம் மட்டுமே எதிரி. பத்து, இருபது லேப் ஓடி டயரைத் தின்னும் செலவும் இல்லை. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் பழைய விமானத் தளம் இருக்கிறது, சோழவரத்தின் தம்பி என்று சொல்லலாம். மற்றபடி பெரும்பாலும் மண் தளங்கள், அவற்றில் பல இராணுவத்துடையவை. தியத்தலாவையில் ஃபாக்ஸ் ஹில், மின்னேரியாவில் பீரங்கிப் படை நடத்துவது, அனுராதபுரத்துச் சாலியபுரத்தில் கஜபா படைப்பிரிவு நடத்துவது. நிலமும் ஆட்களும் படையிடம் ஏற்கெனவே இருப்பதால், தளம் கட்டும் பெருஞ்செலவு ஓட்டுநர் தலையில் விழுவதில்லை.

கார்களும் அப்படியே, தெருவில் ஏற்கெனவே ஓடியவைதான். ஜப்பானிலிருந்து வந்து, ஓடி, விலை இறங்கிய ஃபோர்டு லேசரும் மாஸ்டா 323உம் ஒரு பிரிவு, மினிக்கு ஒரு பிரிவு என்று வண்டியை வைத்தே வகை பிரிக்கிறார்கள். பழைய கார் இறக்குமதி ஏறத்தாழ மூடியே கிடக்கும் இந்தியாவில் இது நடக்காது. ஆனால் இந்த முறையின் அடிமடியிலும் ஒருமுறை கை வைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரே தங்க விலை விற்றது. ஃபார்முலா எல்ஜிபிக்கு அந்தக் கவலை வந்ததே இல்லை. எஞ்சின் உள்நாட்டில் உருவாவது.

பெயர்களும் கடல் தாண்டினால் மாறுகின்றன. இங்கே பந்தயம், அங்கே காரோட்டம். இங்கே டயர், பெட்ரோல், ஒர்க் ஷாப், அங்கே ரயர், பெற்றோல், கராஜ். வண்டியின் சத்தம் மட்டும் ஒன்று.

எது மலிவு? உள்ளே நுழைய, இலங்கை வழிதான் மலிவு. இதில் கோவை வாயடைத்துப் போகத்தான் வேண்டும். ஆனால் மூன்றாவது ஆண்டும் தாக்குப்பிடிப்பதைக் கணக்கில் எடுத்தால் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது. சொந்தக் காரைச் சீண்டிப் பார்க்க இடம் கொடுக்கும் எந்தப் பிரிவிலும் ஒருவர் கேம்ஷாஃப்ட்டை மாற்றினால் மற்றவரும் மாற்றியாக வேண்டும். ஒருவர் புது சஸ்பென்ஷன் போட்டால் அடுத்தவர் கடன் வாங்குவார். கராஜ் பெடியனை வெளியே தள்ளுவது நுழைவுக் கட்டணமல்ல, பக்கத்துக் காரன் செய்கிற செலவுதான். எஞ்சினுக்குச் சீல் வைத்து, எல்லாருக்கும் ஒரே டயரைக் கொடுத்துவிட்டால் அந்தச் செலவுப் போட்டி அங்கேயே நின்றுவிடும்.

இரு பக்கமும் மலிவாகச் செய்யக்கூடாத ஒன்று உண்டு. 2024 ஏப்ரல் 21 அன்று, ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நடந்த ஃபாக்ஸ் ஹில்லில் ஒரு கார் தடம் விலகிப் பார்வையாளர்கள் மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஒரு சிறுமியும் அதில் அடக்கம். இதைச் சொல்லிக்காட்ட இந்தியாவுக்கு வாயில்லை. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் ஜனவரியில் மூத்த கார் ஓட்டுநர் ஒருவரும், ஆகஸ்டில் 13 வயது பைக் ஓட்டும் பையனும் உயிரிழந்தார்கள். நிரந்தரத் தளத்தில் பார்வையாளருக்கும் காருக்கும் நடுவே சுவரும் வேலியும் இருப்பது உண்மை. தளத்துக்குள் இருப்பவருக்கு அது போதவில்லை என்பதும் உண்மை. ஆம்புலன்ஸ், மருத்துவர், பழகிய மார்ஷல்கள், ஓட்டத்துக்கு முன் வண்டியைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் கண்டிப்பு ஆகியவற்றின் செலவில் எவரும் கைவைக்க முடியாது.

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, விளக்கு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 ஓடியபோது ஊரே திரண்டது. கொழும்பும் 2011இல் நகரத் தெருவில் இரவுப் பந்தயம் பார்த்த ஊர்தான். இரண்டுமே கண்ணுக்கு விருந்து. ஆனால் புதிதாக ஓட்ட வருகிறவனுக்கு அவற்றால் ஒரு சீட்டும் கூடவில்லை.

இன்று ஒரு மலிவுத் தொடரைத் தொடங்க நினைக்கிறவர் இலங்கையிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது இடத்தை: சும்மா கிடக்கும் ஓடுதளம், மண் மைதானம், தனித்தனியாக நேரம் எடுக்கும் முறை. கோவையிடம் எடுக்க வேண்டியது எஞ்சினுக்கு வைக்கும் சீலை. முதல் ஆண்டு பத்துப் பழைய ஆல்டோ, ஒரே டயர், பூட்டிய எஞ்சின், நல்ல கூண்டு, தனித்தனியாக நேரம் எடுத்து ஆளுக்கு மூன்று ஓட்டம். ஆல்டோ இரண்டு நாட்டுத் தெருவிலும் ஓடுகிறது, உதிரிபாகம் இரண்டு ஊரிலும் கிடைக்கிறது.

கொழும்புக்காரருக்கு டீக்கடை தீர்மானித்து அனுப்பிய பதிலும் அதையொட்டியதுதான். அந்தக் கராஜ் பெடியனை அனுப்பி வையுங்கள். காரைக் கப்பலில் ஏற்ற வேண்டாம், ஹெல்மெட் மட்டும் போதும். ஒரு வார இறுதிக்கான சீட் காசைக் கோவையே போட்டுக்கொள்ளும். மில் வீட்டுப் பையன்கள் நாலு பேருக்கும் அவனுக்கும் ஒரே எஞ்சின்.