அசன்பேயும் சித்திலெப்பையும்

அறிஞர் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885) பற்றி நம்மவர்கள் எழுதியவற்றில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது: அது ஈழத்தின் முதற் தமிழ் நாவலா, தமிழிலேயே இரண்டாவதா? 1879இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திர'த்துக்கும் இதற்கும் இடைப்பட்ட ஆறு வருடங்களை அளந்து முடித்ததும் விமர்சனமும் முடிந்துவிடுகிறது. நாவலுக்குள் போய்வந்தவர்கள் சிலரே.

எகிப்தில் உயர்குடியிற் பிறந்த குழந்தை கடத்தப்பட்டு பம்பாயில் வளர்கிறது. ஈற்றில் பிறப்பின் இரகசியம் வெளிப்பட, உரிய இடம் உரியவனை வந்தடைகிறது. இடையில் அசன் எடுக்கும் முடிவுகள் இல்லாமலில்லை. நேர்மையும் துணிவும் அவனிடம் தாராளமாக உண்டு. ஆனால் அவை அவன் உழைத்துப் பெற்றவையல்ல, இரத்தத்தோடு வந்தவை என்ற எண்ணத்தையே கதையின் கட்டமைப்பு தருகிறது. இவன் கெட்டுப்போய்விடுவானோ என்ற பயம் எனக்கு ஓரிடத்திலும் எழவில்லை.

எழுதியவரின் வாழ்வோ இதற்கு நேரெதிர். 1838இல் கண்டியிற் பிறந்தவர், சட்டத்தரணியின் மகன், 1860களில் தாமும் புரொக்டரானார். நீதிமன்றமும் மாநகர சபையும் தந்த மதிப்போடு இருந்துவிட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவரோ 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று அஞ்சிய காலத்தில் பள்ளிக்கூடங்களுக்காக அலைந்தார். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கும் ஒன்றைத் திறந்தார். இன்றைய ஸாஹிராக் கல்லூரியின் தொடக்கமான மத்ரஸா 1892இல் கொழும்பில் உருவானதும் அந்த அலைச்சலின் பலனே. ஆறு வருடங்களில் மௌத்தானார். இதில் எதுவும் பிறப்போடு வந்ததல்ல. வசதியான ஒன்றை விட்டுச் சிரமமான ஒன்றைத் தெரிந்ததனால் வந்தது.

தாம் வாழ்ந்த இந்த நாடகத்தை அசனுக்கு ஏன் அவர் கொடுக்கவில்லை? அக்காலக் கதைமரபு ஒரு காரணம். 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவின் நிழலில், தோற்றுக் கிடந்த சமூகத்துக்கு ஒரு வீரனைக் காட்டும் ஆவல் இன்னொன்றாக இருக்கலாம். அவரை மன்னிக்கலாம். நூறு வருடங்கள் தாண்டியும் அசனையே எழுதிக்கொண்டிருக்கும் நம்மை எப்படி மன்னிப்பது?

நம் சிறுகதைகளில் வாப்பா வறுமையால் விழுகிறார்; மகள் சீதனத்தால் தேய்கிறாள்; வளைகுடாவுக்குப் போகும் பெண்ணை விமானம் தூக்கிக்கொண்டு போகிறது. அவள் போவதென்று முடிவெடுத்த இரவு கதையில் இராது. களா கத்ரை நம்புகிறவர்கள் நாம், உண்மைதான். ஆனால் நிய்யத்தைப் பற்றி மத்ரஸாவில் முதலில் ஓதித்தந்ததும் நமக்குத்தானே!

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்டோருக்கு வெளியேறுவதில் தெரிவே இருக்கவில்லை. அதை எழுதியிருக்கிறோம், நன்றாகவே. 2009க்குப் பிறகு அவர்கள் முன் ஒரு தெரிவு வந்தது: புத்தளத்தில் இருப்பதா, ஊருக்குத் திரும்புவதா? வாப்பா போக, மகன் நின்ற வீடுகள் உண்டு. அந்த வீட்டில் அன்றிரவு நடந்த பேச்சை எழுதிய கதை இன்னும் என் கண்ணிற் படவில்லை.