65,536ஆவது பைட்டில் நிற்கும் நிரல்

டக் மெக்கில்ராய் 1964இல் எழுதிய ஒரு குறிப்பில், நிரல்களைத் தோட்டத்து ஹோஸ் குழாய்களைப் போல ஒன்றோடொன்று மாட்ட முடிய வேண்டும் என்றார். கென் தாம்ஸன் 1973இல் அதை யூனிக்ஸில் செய்துகாட்டினார். வெளிக்கட்டளை ஒன்றை நிரலிலிருந்து ஓட்டி, அது எழுதுவதை வாங்கிக்கொள்ளும் வழக்கம் இந்தக் குழாயின் மேல்தான் நிற்கிறது. வீடியோவின் நீளம் தெரிய நாமே டிகோடர் எழுத வேண்டாம். எஃப்எஃப்ப்ரோப் என்ற கருவியைக் கூப்பிட்டால் போதும். பிறர் பல்லாண்டு செப்பனிட்ட உழைப்பு ஒரே வரியில் கைக்கு வருகிறது.

ஆனால் குழாய்க்குக் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் அது இயல்பாக 65,536 பைட். அது நிரம்பினால், யாராவது படிக்கும்வரை கட்டளையால் மேலே எழுத முடியாது. நம் நிரலோ, கட்டளை முடியட்டும், பிறகு படிக்கலாம் என்று காத்திருக்கும். இரண்டும் அப்படியே நின்றுவிடும். சோதனைக்கு வைத்த சின்னக் கோப்பில் இது தெரியாது; பெரிய தரவு வரும் நாளில்தான் தெரியும். பிழைச் செய்திகளுக்கான இரண்டாவது குழாயைப் படிக்காமல் விட்டாலும் இதே கதி. பைத்தானின் சப்ப்ராசஸ் தொகுதியில் உள்ள கம்யூனிகேட் இரண்டையும் சேர்த்தே படித்து இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. பதிலுக்கு, வந்த அத்தனையையும் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது.

உறைந்து நிற்கும் நிரலையாவது யாரேனும் கவனிப்பார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது, பதிலைத் தவறாகப் படித்துவிட்டு ஓடிக்கொண்டே இருக்கும் நிரல். பல கட்டளைகளின் வெளியீடு மனிதக் கண்ணுக்காக அமைந்தது. ஜெர்மன் மொழி அமைப்புள்ள கணினியில், கோப்புறை அளவைச் சொல்லும் டியூ கட்டளை 1.5 என்பதை 1,5 என்று எழுதும். கோப்புப் பெயருக்குள் புதுவரிக் குறியே இருக்கலாம். வரிக்கு ஒரு கோப்பு என்று எண்ணும் நிரல் அங்கே ஏமாந்துபோகும். இதில் அதே சப்ப்ராசஸில் கட்டளையை ஓட்டும் ரன் மீதும் எனக்குக் குறை உண்டு. கட்டளை தோற்றாலும், செக் என்று நாம் கேட்டிருந்தால் ஒழிய அது பிழை எழுப்பாது. வெற்று வெளியீட்டை விடையென்று எடுத்துக்கொள்ள இது வழிவிடுகிறது. இயல்புநிலை நேர்மாறாக இருந்திருக்க வேண்டும்.

கருவி செய்தவர்களே வெளியீட்டைத் தவறின்றிப் படிக்க வழி விட்டிருக்கும் இடங்களும் உண்டு. கிட்டிடம் நிலவரத்தைப் போர்சலின் வடிவில் கேட்டால், பதிப்பு மாறினாலும் அமைப்பு மாறாது என்ற உறுதியோடு தருகிறது. எஃப்எஃப்ப்ரோப், கேட்டால் ஜேசானில் தரும். கோப்புகளைத் தேடும் ஃபைண்ட், கேட்டால் பெயர்களுக்கு நடுவே பெயருக்குள் வரவே முடியாத சுழியக் குறியை வைத்துத் தரும். இவை இருக்கும்போது, அலங்கரித்த அட்டவணையில் நான்காவது பத்தியை வெட்டி எடுக்கும் நிரலை நான் ஏற்பதில்லை.