கோடும் பெருந்திரையும்

கோடு சிலவாயினும் உணர்ச்சி நிறைவுறுமோ என்பது சித்திரக் கலையின் பழைய வினா. 2003ஆம் ஆண்டில் மைக் ஜட்ஜ், டொன் ஹேர்ட்ஸ்ஃபெல்ட் என்னும் அமெரிக்கக் கலைஞர் இருவர் தொடங்கிய 'அனிமேஷன் ஷோ', தனிக் கலைஞர்தம் அசையுஞ் சித்திரக் குறும்படங்களை ஊர்தோறும் திரையரங்குகளிற் காட்டி இவ்வினாவுக்கு விடை தந்தது. அதில் இடம்பெற்ற ஹேர்ட்ஸ்ஃபெல்டின் 'எவ்ரிதிங் வில் பி ஓகே' (2006) 17 நிமிடப் படம். அதன் நாயகன் பில் தொப்பியணிந்த வெறுங் கோட்டுருவமே. ஆயினும், கருந்திரையில் ஆங்காங்கே திறக்குஞ் சிறு சாளரங்கள், நோயாற் சிதையும் அவன் மனத்தை நம் கண்முன் நிறுத்துகின்றன. கையால் வரைந்த கோட்டின் நடுக்கமே அவன் நடுக்கமாகின்றது. இந்நுட்பம் பெருந்திரையிலேயே நன்கு புலனாகும். நகைச்சுவைப் படங்களோடு இத்துயரப் படத்தை ஒருங்கு தொடுத்தல் சுவை முரணேயாம். அவலம் நெஞ்சில் ஊன்ற அவகாசம் வேண்டும். அக்குறை இருப்பினும், சிறு படைப்பும் பெருந்திரைக்கு உரியதென நிலைநாட்டிய பணி போற்றத்தக்கதே.