புல்லட் எஞ்சினும் 14.7 கணக்கும்

விளாத்திகுளத்தில் அப்பாவின் பழைய 350 புல்லட்டுக்கு எஞ்சின் வேலை முடித்தோம். சிலிண்டரை 0.040 இன்ச் ஓவர்சைஸுக்கு போரிங் பண்ணி, புது பிஸ்டன், புது ரிங். ஹெட் கோணியிருந்ததால் அதற்கும் ஃபேஸிங். கடைசியில் மெக்கானிக் பிளக் ஓட்டையில் கேஜை மாட்டி உதைத்தார். 95 பிஎஸ்ஐ. செல்போனில் 14.7-ஆல் வகுத்து, "6.5 சார், கம்பெனி கம்ப்ரஷன்" என்றார்.

நானும் வீட்டில் ஸ்ப்ரெட்ஷீட் போட்டு வைத்திருந்தேன். அதில் 6.7 வந்திருந்தது. ரெண்டும் ஒத்துப்போகுதே என்று சந்தோஷம்.

மூணாவது நாள் எட்டயபுரம் ரோட்டில், எதிர்க்காற்றில், நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் டிக் டிக் என்று நாக்கிங். "பெட்ரோல் சரியில்ல" என்று பேசிக்கொண்டோம். பெட்ரோல் மேல் தப்பில்லை. தப்பு அந்த ரெண்டு எண்களில்.

முதலில் அடிப்படை. பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் கம்ப்ரஷன் ரேஷியோ. புல்லட் 350-க்கு போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., ஆக 346 சிசி. ரேஷியோ 6.5 என்றால் உச்சியில் மிஞ்சுவது 63 சிசி. இது வெறும் இட அளவு. அழுத்தம் இந்த வரையறைக்குள் வரவே இல்லை.

பட்டறைக் கணக்கின் சிக்கல் இங்கேதான். 14.7 என்பது பிஎஸ்ஐ-யில் காற்றுமண்டல அழுத்தம். கேஜ் காட்டுவதோ அதற்கு மேலே ஏறிய அழுத்தத்தை மட்டும்; வகுக்கும் முன் 14.7-ஐக் கூட்டியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு, அமுக்கினால் காற்று சூடாகும் என்பதை மறந்தது. ஒரு பொட்டு கசிவில்லாமல், சூடும் வெளியே போகாமல் 6.5 மடங்கு அமுக்கினால் கேஜ் சுமார் 187 காட்டணும். நிஜத்தில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுகிறது, ரிங் கசிகிறது, இரும்பு சூட்டை உறிஞ்சுகிறது. அழுத்தம் இறங்கி 100 பக்கம் வந்து நிற்கிறது. ஒரு பக்கத் தப்பை மறுபக்கத் தப்பு அடித்துவிட, விடை சில சமயம் சரியாக அமைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு இத்தனை நாள் பிழைத்திருப்பது அதனால்தான்.

சோதித்துப் பார்க்கணுமா? ஆக்ஸிலேட்டரை முழுசா திறந்து உதைத்து ஒரு தடவை, மூடி உதைத்து ஒரு தடவை கேஜைப் பாருங்கள். மூடினால் எண் நன்றாக இறங்கும். உள்ளே இருக்கும் இரும்பு மாறிவிட்டதா என்ன?

என் ஸ்ப்ரெட்ஷீட் மட்டும் யோக்கியமா? 1949-ல் இங்கிலாந்தில் வந்த புல்லட்டின் 6.5-ஐ எடுத்து, மேலே மிஞ்சும் 63 சிசி அப்படியே இருக்கும் என்று வைத்து, போர் பெரிதானதை மட்டும் சேர்த்தேன். 356.5 சிசி, ரேஷியோ 6.66. ஹெட்டில் தேய்த்ததையும் புது பிஸ்டனின் மேட்டையும் கணக்கிலேயே எடுக்கவில்லை. தசம இடங்கள் மட்டும் அழகாக இருந்தன.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். மருந்துக்கடையில் 50 மி.லி. சிரிஞ்சு வாங்கினேன். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ரெண்டு வால்வும் மூடியிருப்பதை உறுதி செய்து, பிளக் ஓட்டை எல்லாவற்றுக்கும் மேலே வருகிற மாதிரி வண்டியைச் சாய்த்தோம். இல்லாவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். மண்ணெண்ணெய் ரிங் வழியே சீக்கிரம் இறங்கிவிடும் என்பதால் எஞ்சின் ஆயில். பிளக் மரையின் அடிவிளிம்பு வரை நிரம்ப 50 மி.லி. பிடித்தது. அளந்ததும் ஆயிலை முழுக்க உறிஞ்சி எடுத்துவிடணும். பிளக்கைப் பூட்டி அப்படியே உதைத்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

356.5-ஐயும் 50-ஐயும் கூட்டி 50-ஆல் வகுத்தால் 8.1. கம்பெனி கம்ப்ரஷனாம்! புது ரிங் இன்னும் படியாததால் கேஜ் குறைத்துக் காட்டியிருக்கிறது. "குறைவுதான், பயமில்லை" என்று நாங்கள் நம்பியிருக்கிறோம். அப்படியே கோடை முழுக்க ஓட்டியிருந்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகியிருக்கும்.

இதில் நான் கற்றது ஒன்று. போர் அளவில் 0.1 மி.மீ. தப்பினால் ரேஷியோ 0.02 மாறும். மேலே மிஞ்சும் இடத்தில் 1 மி.லி. தப்பினால் 0.15 மாறும். நாமோ போரை மைக்ரோமீட்டரில் அளக்கிறோம், மேல் இடத்தைக் கண்ணால் மதிப்பிடுகிறோம். வகுக்கும் எண் சின்னது. கவனம் அங்கேதான் வேணும்.

பேரலுக்கு அடியில் 1.8 மி.மீ. தகடு கொடுத்து, டேப்பெட்டைத் திரும்ப செட் பண்ணினோம். மேலே 7 சிசி கூடியது, ரேஷியோ 7.2-க்கு இறங்கியது. இப்போது அதே ரோட்டில் அதே காற்றில் சத்தம் இல்லை.

கேஜைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ரிங், வால்வு பிடிக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. இன்றைக்கு 100, ஆறு மாசம் கழித்து 75 என்றால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. அது ஆரோக்கியத்தைச் சொல்லும், அளவைச் சொல்லாது. மெக்கானிக்கிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, "அந்த சிரிஞ்ச இங்கயே வச்சிட்டுப் போங்க சார்" என்றார்.