மறுக்கத் தெரியாத சிப்

நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கேம் கருவி 1983இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, அதன் சிப்பில் ஒலிக்கென்று ஐந்து வழிகள்தாம் இருந்தன: இரண்டு பல்ஸ் அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், பதிவு செய்த ஒலித்துண்டுகளுக்கு ஒன்று. 1985இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்த கோஜி கோண்டோ ஒலித்துண்டு எதையும் பயன்படுத்தவில்லை. மெட்டுக்கு ஒரு பல்ஸ், கூடப் பாட இன்னொன்று, பேஸுக்கு முக்கோணம், தாளத்துக்கு இரைச்சல், அவ்வளவுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2023இல் முதன்முதலாக ஒரு வீடியோ கேம் இசை சேர்ந்தது. அது இந்த மெட்டுதான்.

இத்தகைய இசையை வீட்டுக் கணினியில் திரும்பக் கட்டிப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது சோனிக் பை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக்கொடுப்பதற்காக 2012இல் கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் தொடங்கிய இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், ராஸ்பெர்ரி பை மூன்றிலும் ஓடும். இதில் செய்வது லைவ் கோடிங், அதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரல் வரிகளைத் திருத்துவது. திருத்திவிட்டு ரன் அழுத்தினால், அடுத்த சுற்றிலிருந்து புதிய வரி ஒலிக்கும். நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதில்லை. ‘ப்ளே’ என்று எழுதி ஸ்வரத்தின் பெயர், ‘ஸ்லீப்’ என்று எழுதி காத்திருக்கும் நேரம். இவை இரண்டும் தெரிந்தால் முதல் நாளே ஒரு மெட்டு வந்துவிடும்.

பழைய கேம் இசைக்கு இதைத் தேர்ந்தெடுக்கத் தனிக் காரணம் உண்டு. ஃபாமிகாம் சிப்பைப் பார்த்தே செய்த மூன்று ஒலிகள் இதற்குள் இருக்கின்றன: சிப்லீட், சிப்பேஸ், சிப்நாய்ஸ். சிப்லீடில் ‘விட்த்’ என்றொரு அமைப்பு. ஒரு சுற்றில் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதை அது தீர்மானிக்கும். 0 கொடுத்தால் 12.5 சதவீதம், மெலிந்து மூக்கால் வரும் குரல். 1 என்றால் 25, கொஞ்சம் கூர்மை. 2 என்றால் 50, உருண்டு திரண்ட குரல். அசல் சிப்பில் 75 சதவீதமும் உண்டு, ஆனால் காதுக்கு அது 25 போலவேதான் கேட்கும். சோனிக் பை அதை விட்டதில் நஷ்டமில்லை. சிப்பேஸின் முக்கோணம் வழவழப்பானதல்ல. 16 படிகளில் ஏறி இறங்குவதால் அடியில் ஒரு சொரசொரப்பு கேட்கும். அதுதான் அந்தக் காலத்து பேஸின் அடையாளம். சிப்நாய்ஸில் அசலைப் போலவே 16 நிலைகள், உயர்ந்தவற்றில் ஒன்றை மிகக் குறுகிய நேரம் தட்டினால் ஹை-ஹாட் கிடைத்துவிடுகிறது.

தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவியில் செருகி விளையாடிய கேசட் கேம்கள் பெரும்பாலும் ஃபாமிகாமின் நகல்கள். நகல் சிப்கள் பலவற்றில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம் மாறியிருந்தன. அதோடு, அந்த விளையாட்டுகளில் இசை திரையில் மாறும் சட்டங்களை (ஃப்ரேம்களை) எண்ணித்தான் நகரும். ஜப்பானில் நொடிக்கு 60 சட்டம். ஜப்பானியக் கேசட்டை 50 சட்டத்தில் ஓடும் நம் ஊர் பிஏஎல் முறைக் கருவியில் போட்டால் பாட்டு ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். ஆகவே அன்று கேட்டதையே கேட்க விரும்புகிறவர்கள் விட்த் 1 வரும் இடத்தில் 2, 2 வரும் இடத்தில் 1 என்று மாற்றி, வேகம் 180 என்றிருந்தால் 150 ஆக்கிப் பாருங்கள். ஜப்பான் பிள்ளைகள் கேட்டது ஒன்று, நாம் கேட்டது ஒன்று என்பது சில நொடிகளில் விளங்கும். இரண்டையும் மாறி மாறிக் கேட்க முடிவதற்கே இந்த மென்பொருளுக்கு நன்றி சொல்லலாம்.

குறை எங்கே என்றால், சோனிக் பை எதையும் மறுப்பதில்லை. அசலில் ஒரு பல்ஸ் வழியில் ஒரே நேரத்தில் ஒரு ஸ்வரம்தான். இங்கே ஒரே வரியில் நாலு ஸ்வரத்தை அடுக்கினாலும் பாடிவிடும். இன்னும் நுணுக்கமான தொல்லை ‘ரிலீஸ்’. ஸ்வரம் ஓய்வதற்கு அது இயல்பாக ஒரு பீட் எடுத்துக்கொள்கிறது. வேகமான மெட்டில் முந்தின ஸ்வரத்தின் வால் அடுத்ததன்மேல் படிந்து, பழைய கேம் போலவே இல்லாமல் போகிறது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ரிலீஸை ஸ்லீப்பைவிடக் குறைவாக வைத்தால் சரியாகும். பேஸுக்கு ஒலி அளவையும் தொடாதீர்கள். அசலில் முக்கோண அலைக்கு ஒலி அளவே கிடையாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. மெட்டு தேய்ந்து அடங்குவதும் அசலில் 16 படிகளில்தான், இங்கே வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. பிட்கிரஷர் எஃபெக்டை மேலே போட்டுப் பார்த்தேன். சொரசொரப்பு வருகிறது, படி வருவதில்லை.

கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் மூன்று ஸ்வரம், வாசிக்க அன்றைய இசையமைப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள்: மூன்று ஸ்வரத்தையும் ஒரே வழியில் சட்டத்துக்கு ஒன்றாக, நொடிக்கு 60 தடவை மாற்றி மாற்றி ஓட்டுவது. காது அதை ஒரு மினுக்கும் கார்டாக எடுத்துக்கொள்ளும். இதை ப்ளே, ஸ்லீப் என்று அடுக்கினால் ஒவ்வொரு ஸ்வரமும் புதிதாகப் பிறந்து டக் டக்கென்று வெட்டும், பழைய கணினியானால் நேரம் பிந்துகிறது என்ற எச்சரிக்கையும் வரலாம். நீண்ட ஒரே ஸ்வரத்தைத் தொடங்கிவிட்டு, ‘கன்ட்ரோல்’ கொண்டு அதன் சுருதியை மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் வழி. அப்படிச் செய்ததும் 1980களின் கேம் அறைக்குள் நுழைந்துவிட்டதாகவே தோன்றும். மாரியோ இசையில் இந்தத் தந்திரத்துக்கு வேலையில்லை. கோண்டோ இரண்டு குரலையும் பேஸையும் வைத்தே கார்டை உணர்த்திவிடுகிறார்.

ஓர் உபரி விளையாட்டு: மாரியோ குதிக்கும்போது அந்தச் சத்தத்துக்காக இசையின் ஒரு பல்ஸ் குரல் ஒரு கணம் வாயை மூடும், ஏனென்றால் இருப்பதே இரண்டு. இங்கே ஒரு மதிப்பை வைக்கும் ‘செட்’, அதை எடுக்கும் ‘கெட்’ இரண்டையும் கொண்டு அதையும் எழுதலாம்.

செய்து முடித்ததை வேவ் கோப்பாகப் பதிவு செய்யலாம், ஆனால் அசல் கருவிக்குத் திருப்பி ஏற்ற முடியாது. அதற்கு ஃபாமிகாம் இசைக்கென்றே உள்ள ஃபாமிட்ராக்கர் மென்பொருள்தான். வரிசை வரிசையாக எண்கள் இறங்கும் வறண்ட திரை, ஓடும்போதே மாற்றும் குஷியும் இவ்வளவு கிடையாது. ஆனால் ஒரு குரலுக்குள் இரண்டு ஸ்வரம் கேட்டால் அது தராது.