மனிதமைய மென்பொருளாய்வும் இளம் ஆய்வாளரும்: மலையகத்தை முன்னிறுத்திய ஒரு நோக்கு

நமது பல்கலைக்கழகங்களிற் கணினி விஞ்ஞானம் பயிலுவோரின் தொகை பெருகியுள்ள அளவுக்கு, அவ்விஞ்ஞானம் யாருக்காகப் பயிலப்படுகின்றது என்ற வினா வளரவில்லை. மென்பொருளைப் பயன்படுத்துவோரதும் அதனாற் பாதிக்கப்படுவோரதும் வாழ்நிலையை ஆக்கத்தின் தொடக்கமாகக் கொள்ளும் துறையே மனிதமைய மென்பொருட் பொறியியல் எனப்படுவது. இத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவருக்கும், பணியிற் புதிதாகப் புகுந்த விரிவுரையாளருக்கும் எத்தகைய ஆதரவு வேண்டும் என்பது பெரும்பாலும் நிதி, நிர்வாகம் பற்றிய விடயமாகவே பேசப்படுகின்றது. அவ்வாதரவின் தன்மையே ஆய்வின் உண்மையைத் தீர்மானிக்கின்றது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே அமைந்த சிறு புகையிரத நிலையம் றொசல்ல. சுற்றிவரத் தேயிலை மலைகள். தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் சரிவுகள். கொழுந்து நிறுவைக்கான மென்பொருளை ஆராயும் மாணவர் ஒருவர் இங்கு வந்து இறங்குகின்றார் எனக் கொள்வோம். மின்னணுத் தராசுகளும் நிறையைத் தாமே பதியும் கருவிகளும் தோட்டங்களுட் புகுந்துவரும் காலம் இது. எனவே ஆய்வுப் பொருள் கற்பனையானதன்று.

பறித்த கொழுந்து நாளொன்றுக்கு இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படுகின்றது. குறித்த கிலோவை எடுத்தவருக்குப் 'பேர்' விழும். எடுக்கத் தவறியவருக்கு 'அரைப்பேர்'. சாக்கின் நிறைக்கென்றும் இலையின் ஈரத்துக்கென்றும் கழிவுண்டு. இக்கழிவு பற்றிய முறைப்பாடு மலையகத்தில் நெடுங்காலமாக உள்ளது. 2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டதன் பின்னர், எடுக்கவேண்டிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட்டதெனத் தொழிற்சங்கங்கள் குறைகூறின. ஆகவே தராசின் ஒரு கிலோ, அரை நாட் கூலியை நிர்ணயிக்கும் எல்லைக்கோடாக மாறிவிடுகின்றது.

நமது மாணவருக்குக் கிடைத்திருப்பது மூன்று மாதக் களப்பணிக்கான உதவிப்பணம். பல்கலைக்கழக நாட்காட்டிக்கு இசைய அவர் சனவரியில் வருகின்றார், மார்ச்சில் திரும்புகின்றார். அது மேற்குச் சரிவுகளில் வறட்சிக் காலம். இலை உலர்ந்திருக்கும், ஈரக்கழிவு பற்றி அதிகம் பேச்செழாது. அவர் வகுக்கும் மென்பொருள் நிறையைப் பிழையின்றிப் பதியும்; தேர்வாளரும் பாராட்டுவர். ஜூனில் மழை இறங்கியதும் ஈரத்துக்கென எவ்வளவு கழிப்பது, அதனை யார் முடிவுசெய்வது, கழித்த அளவு தொழிலாளியின் கண்ணிற்படுமா என்ற வினாக்கள் எழும். அவற்றுக்கு அம்மென்பொருளில் இடமிராது. கழிவு கணக்கப்பிள்ளையின் வாய்மொழியாக இருந்தவரை அதனோடு வாதாடலாம். கருவிக்குள் மறைந்த கழிவோடு வாதாட இயலாது. இங்கு மாணவரின் திறமையைக் குறைகூறுவதிற் பயனில்லை. பிழை அவருக்களிக்கப்பட்ட கால அளவில் இருந்தே தொடங்கிவிட்டது.

மொழியும் இவ்வாறே இடர்தருகின்றது. மலையகத் தமிழிற் பேர் என்பது ஆளின் பெயரையும் குறிக்கும், ஒரு நாளின் கூலியையும் குறிக்கும். ஒருவரின் பெயர் பதிவேட்டிற் பாதியாக விழுவதன் அவமதிப்பு அச்சொல்லினுள்ளேயே உண்டு. ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்படவேண்டியிருப்பதால், அச்சொல் வரவுப்பதிவு என்ற வெறுங் கலைச்சொல்லாகச் சுருங்கிவிடுகின்றது. பெரட்டுக்களத்தில் ஒரு தொழிலாளி கூறியது பயனர் தேவை இலக்கம் நான்கு என அட்டவணையில் அடங்கும்போது, அவரது கோபம் வெளியே நிற்கின்றது. மென்பொருட் பேராசிரியர் ஒருவரே மேற்பார்வையாளராக இருக்கும் நிலையில், இவ்விழப்பைச் சுட்டிக்காட்ட எவருமிலர்.

மேலும், பதிவேடு என்பது இம்மக்களைப் பொறுத்தவரை நடுநிலையான பொருளன்று. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இரு அரசுகளுக்கிடையே இவர்களைத் தொகைகளாகப் பங்கிட்டது. எஞ்சியோர்க்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது. ஒரு படிவத்திற் பெயர் இருப்பதும் இல்லாததும் தலைமுறைகளின் வாழ்வைக் குலைத்த வரலாறு இது. குறிப்பேட்டுடனோ கைக்கணினியுடனோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று லயத்துக்கு வரும் அந்நியரை மக்கள் ஐயுறுவது இயல்பு. அவ்வையம் நீங்கக் காலம் வேண்டும். அக்காலத்துக்குப் பணம் தரும் உதவித்திட்டம் அரிதாகவே உள்ளது.

நமது சூழலில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டியது அம்மக்களிடையே பிறந்து, தொழிற்சங்கப் பணியில் அவர்களோடு வாழ்ந்ததன் பயனாகும். அவரது செவி வாழ்க்கையாற் பயிற்றப்பட்டது. இன்றைய ஆய்வாளரிடம் அத்தகைய வாழ்க்கையை எதிர்பார்க்க முடியாதெனினும், அதன் ஒரு பகுதியையேனும் பெறுவதற்கான அவகாசத்தை நிறுவனம் அளித்தல் வேண்டும்.

இத்தகைய ஆய்வு பயனற்ற இலட்சியம் என்போர் உளர். கருவியை வாங்குவது கம்பனி. எனவே கம்பனியின் தேவையே வெல்லும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தில் உண்மையுண்டு. ஆனால் ஸ்கண்டிநேவிய அனுபவம் வேறொரு சாத்தியத்தையும் காட்டுகின்றது. 1970களின் தொடக்கத்தில் நோர்வேயின் கணினி விஞ்ஞானி கிறிஸ்டன் நீகார்ட், இரும்பு உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து, தொழிற்சாலைக்குள் வரும் கணினி முறைகளைத் தொழிலாளரே ஆராய வழிசெய்தார். கணினி முறைகள் பற்றி அறியவும் கருத்துரைக்கவும் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு உரிமையளிக்கும் உடன்படிக்கைகள் அப்பத்தாண்டின் நடுப்பகுதியில் அங்கு ஏற்பட்டன. 1981 முதல் 1985 வரை அச்சுத் தொழிலாளரோடு நடத்தப்பட்ட உட்டோப்பியா திட்டம் இதன் தொடர்ச்சியாகும். அத்திட்டத்தில் உழைத்த பெலே ஏன், அவ்வனுபவங்களை ஆதாரமாகக் கொண்டு 1988 இற் கலாநிதி ஆய்வேட்டை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கான கூட்டுழைப்பு ஓர் ஆய்வேடாகக் கனிவதற்கு அங்குள்ள நிறுவனங்கள் இடமளித்தன என்பதே நாம் கருதவேண்டியது. வலுவான தொழிற்சங்கமும் அதற்கு இசைந்த அரசியற் சூழலும் அங்கிருந்தன. அவை இங்கு அவ்வாறே இல்லை என்பதையும் மறத்தலாகாது.

இவ்வகையில் நோக்குமிடத்து, இளம் ஆய்வாளருக்கு வேண்டுவன இவை. களப்பணிக்கான உதவிப்பணம் மழைக்காலத்தையும் வறட்சிக்காலத்தையும் உள்ளடக்கிய ஓராண்டுக்கேனும் அமைதல் வேண்டும். மென்பொருள் அறிந்தவரோடு சமூகவியலோ தமிழோ பயின்ற ஒருவரும் மேற்பார்வையிற் பங்குகொள்ளல் வேண்டும். கண்டறிந்தவற்றைத் தோட்ட மக்களுக்கு அவர்தம் தமிழில் எடுத்துரைக்கும் அறிக்கையும் பதவியுயர்வுக்கான கணிப்பிற் சேர்தல் வேண்டும். தகுதிகாண் விரிவுரையாளரின் மீது கற்பித்தற் சுமை முழுவதையும் ஏற்றிவிட்டு ஆய்வை விடுமுறையிற் செய்யுமாறு கூறும் வழக்கமும் ஒழிதல் வேண்டும்.

இன்னுமொன்று உதவித்திட்டங்களின் வரவுசெலவில் இடம்பெறுவது அரிது. கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி ஆய்வாளரோடு ஒரு மணிநேரம் பேசுவாளாயின், அந்நேரத்துக் கொழுந்தை அவள் இழக்கின்றாள். அன்று அவளுக்கு அரைப்பேர் விழவுங்கூடும். நம் ஆய்வு அவளது கூலியிலிருந்து எடுத்த கடனில் நடைபெறுகின்றது. அக்கூலியை ஈடுசெய்யும் தொகை விண்ணப்பத்தின் முதற்பக்கத்திலேயே காட்டப்படல் வேண்டும். அதனைக் கேட்கத் துணியும் மாணவருக்குத் துணைநிற்பது மேற்பார்வையாளரின் கடமை.

இறுதியாக, லயத்திற் பிறந்து, தோட்டப் பாடசாலையிற் பயின்று, இன்று பல்கலைக்கழகக் கணினித் துறைகளுக்கு வரும் மலையக மாணவர் உளர். ஈரக்கழிவு என்னவென்று அவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. தாயின் சம்பளத் துண்டில் அதன் விளைவைக் கண்டவர் அவர். முதற் பட்டத்தோடு குடும்பத்துக்கு உழைக்கச் செல்லவேண்டிய நிலை பலரை ஆய்வுக்கு வராமல் தடுத்துவிடுகின்றது. அவர்களுள் ஒருவரேனும் கலாநிதி ஆய்வை முடிக்கும் வரை அவர் குடும்பமும் தாங்கக்கூடிய உதவிப்பணத்தை ஏற்படுத்துவது, இத்துறை பற்றிப் பேசும் நாம் உடனடியாகச் செய்யக்கூடிய பணியாகும்.